மாமல்லைச் சிற்பமும் நமது பார்வையும்

மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி. நல்ஞானமும் நல்லொழுக்கமும் அதனைத் தொடர்ந்து வருவன. மெய்ப்பொருளின்கண் தெளிந்த நம்பிக்கை என்பதே நற்காட்சியின் பொருள். ஆயினும் நம் முன்னோர் அதற்குத் தேர்ந்தெடுத்த தமிழ்ச்சொல் 'காட்சி' என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். காணாமல் தெளிவில்லை, தெளியாமல் நம்பிக்கையில்லை.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், யாம் நம் சமூகத்துச் சிறுவர் சிறுமியரைப் பழைய கோயில்களுக்கும் குடைவரைகளுக்கும் அழைத்துச் சென்று காட்டி வருகிறோம். உடன்வரும் பெற்றோர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், இது நம்முடையதா, மற்றவர்களுடையதா?" இக்கேள்வியில் குற்றமில்லை. ஆனால் காண்பதற்கு முன்பே கேட்கப்படும்போது அது கண்ணை மறைத்துவிடுகிறது. இவ்வுண்மையை யாம் எந்த நூலிலும் கற்கவில்லை. எம் மாணவி ஒருத்தியிடம் கற்றோம். அப்பாடத்தை இவ்விதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வல்லத்தில் தொடங்கிய ஆர்வம்

செங்கற்பட்டுக்கு அருகே வல்லம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றில் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களை வரிசையாகக் கூறி, அவனுக்கு அடங்கிய தலைவனாகிய வயந்தப்பிரியரைசரின் மகன் கந்தசேனன் அக்கோயிலைச் செய்வித்தான் என்று அறிவிக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தமிழ் எழுத்துகள் அவை.

ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த நாளில் யாம் அக்குன்றின்மீது ஏறினோம். இருபது வயதுப் பெண்ணுக்கு அரச பரம்பரைகளில் என்ன நாட்டம் இருக்க முடியும்? ஆனால் அக்கல்லில் விரல்பட்டும் படாமலும் எழுத்தின் வளைவைப் பின்தொடர்ந்தபோது, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்த ஒருவனது கை எம் கைக்கு அருகில் இருப்பதாக உணர்ந்தோம். அன்று தொடங்கிய பித்து இன்றளவும் தணியவில்லை. சம்பளத்தில் மிஞ்சியது பேருந்துக் கட்டணத்துக்கும் வரைபடத் தாள்களுக்குமே போயிற்று.

மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பொறித்த கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றி ஒரு கோயிலை எடுத்ததாகப் பெருமிதத்தோடு கூறிக்கொள்கிறான். அப்புதுமை அவன் வழிவந்தோர் காலத்தில் கடற்கரையை எட்டியது. மாமல்லபுரத்தில் குடைவரைகளாகவும் ஒற்றைக்கல் கோயில்களாகவும் பாறைச் சிற்பங்களாகவும் விரிந்தது. 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அத்தொகுதியை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தைப் பற்றியே இனிக் காண்போம்.

பெரும்பாறைச் சிற்பம்

கடலை நோக்கி, கிழக்கு முகமாக நிற்கும் பெரும்பாறை அது. ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடையது. நடுவே மேலிருந்து கீழாக இயற்கையாக அமைந்த ஒரு பிளவு. சிற்பிகள் அப்பிளவைக் குறையாகக் கருதவில்லை. அதனையே சிற்பத்தின் உயிராக்கினர். பிளவினுள் படமெடுத்த நாகனும் நாகினியும் கைகூப்பி மேல்நோக்கி எழுகின்றனர். பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி அமைந்திருந்ததற்கான தடயம் உண்டு. எனவே அப்பிளவின் வழியே நீர் வழிந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

பிளவின் இருமருங்கிலும் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். தேவர்களும் கின்னரர்களும் வேடர்களும் விலங்குகளும் பிளவை நோக்கியே விரைகின்றனர். பார்ப்பவரின் இடப்புறத்தில் எலும்பும் நரம்பும் தெரிய மெலிந்த ஒருவர், ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறார். அவர் அருகே நான்கு கரங்களுடன் நெடிய உருவம் ஒன்று நிற்கிறது. அதன் ஒரு கரம் வரம் அருளும் குறியைக் காட்டுகிறது. சூழக் குள்ளப் பூதங்கள். கீழே திருமாலின் உருவம் கொண்ட சிறு கோயிலும் அதன்முன் அமர்ந்த முதிய முனிவரும் உளர். ஆற்றங்கரையில் ஒருவர் நனைந்த துணியைப் பிழிகிறார். ஒருவர் நீர்க்குடம் சுமக்கிறார். ஒருவர் விரல்களின் இடையே கதிரவனைப் பார்க்கிறார்.

வலப்புறத்தில் உண்மை யானையின் அளவினவாகவே நிற்கும் யானைகள். அவற்றின் நிழலில் கன்றுகள். தந்தத்தின் அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை உயர்த்தித் தவசியைப் போலவே நிற்கிறது. அதனைச் சூழ்ந்து எலிகள்! உருத்திராட்சப் பூனை என்று நாம் வழக்கில் சொல்வதைக் கல்லில் வடித்துவிட்டான் சிற்பி.

இவ்வளவு பெரிய சிற்பத்தில் 'இது இன்ன கதை' என்று கூறும் கல்வெட்டு எதுவும் இல்லை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று பெயர்கள்

ஊரார் இதனை 'அர்ச்சுனன் தபசு' என்று வழங்கினர். பாசுபதக் கணையைப் பெறுவதற்காக அர்ச்சுனன் சிவபெருமானை நோக்கித் தவம் செய்த மகாபாரதக் கதை இது என்பது அவர்கள் கருத்து. 1914ஆம் ஆண்டு விக்டர் கொலூபெவ் என்னும் அறிஞர் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டு, இது பகீரதன் தவத்தால் கங்கை நிலத்துக்கு இறங்கிய காட்சி என்றார். பிளவும் நாகரும் நீர்த்தொட்டியும் அவருக்குச் சான்றுகள். தவம் செய்யும் பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் கங்கைக் கரையிலேயே நிகழ்வதாகச் சொல்லப்படுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்றாவது பெயரைத் தந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி ஆவார். அவரும் எம்மைப் போல் பள்ளி ஆசிரியர் என்பதில் எமக்குத் தனி மகிழ்ச்சி. கிறித்தவமும் தமிழும், பௌத்தமும் தமிழும், சமணமும் தமிழும் என்று மூன்று சமயங்களின் தமிழ்த் தொண்டையும் வேறுபாடின்றி எழுதிய பெருந்தகை. 1950ஆம் ஆண்டில் 'மகாபலிபுரத்து ஜைன சிற்பம்' என்னும் சிறுநூலை வெளியிட்டு, இப்பெருஞ்சிற்பம் அஜிதநாதர் புராணத்தில் வரும் சகர குமாரர் வரலாற்றைக் காட்டுவது என்று வாதிட்டார்.

ஸ்ரீபுராணம் படித்தோர் அவ்வரலாற்றை அறிவர். இரண்டாம் தீர்த்தங்கரராகிய அஜிதநாதர் காலத்தில் வாழ்ந்த சகர சக்கரவர்த்தியின் மைந்தர்கள், கயிலையில் பரதச் சக்கரவர்த்தி எடுப்பித்த ஜினாலயங்களைக் காக்கும்பொருட்டு மலையைச் சுற்றி அகழி தோண்டிக் கங்கை நீரைக் கொணர்ந்தனர். நூலுக்கு நூல் விவரங்கள் வேறுபட்டாலும், மலையும் கங்கையும் நாகமும் பகீரதனும் அக்கதையிலும் உண்டு.

ஒரு நூலகத்தில் அச்சிறுநூலை யாம் முதன்முதல் படித்த நாளில் பெற்ற இன்பத்துக்கு அளவில்லை. உலகம் போற்றும் சிற்பம் நம்முடையது! அன்று முதல், மாணவரை மாமல்லபுரம் அழைத்துச் செல்லும் போதெல்லாம், "இது சகர குமாரர் கதை" என்று ஐயமின்றிக் கூறி வந்தோம். 'என்பர்' என்றோ, 'எனக் கருதுவார் உளர்' என்றோ ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஒரு மாணவியின் வினா

1983ஆம் ஆண்டு. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் ஏழாம் வகுப்பு மாணவியரை அழைத்துச் சென்றோம். வழக்கம்போல் கதை சொல்லி முடித்தோம். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். ஒருத்தி மட்டும் எழுதாமல் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் மிகுதியாகப் பேசாத பெண். நம் சமயத்தைச் சேர்ந்தவளும் அல்லள்.

"டீச்சர், தவம் செய்கிறவருக்குப் பக்கத்தில் நான்கு கையோடு நிற்கிறாரே, அவர் யார்? நீங்கள் சொன்ன கதையில் அவர் வரவில்லையே?"

எமக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாமை குற்றமன்று. ஆனால், "அதைப் பிறகு சொல்கிறேன், இப்போது வரிசையில் வா" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். அவள் தலைகுனிந்து வரிசையில் சேர்ந்தாள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. சிராவகர் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் வாய்மையும் ஒன்று. பொய் என்று அறிந்து சொல்வது மட்டுமா பொய்? மெய்யா என்று பாராமல் உறுதியாகச் சொல்வதும் அதன் உறவினம் அன்றோ?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியே சென்றோம். காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை அப்பாறையின்முன் அமர்ந்து, நூல்களில் படித்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் தாளில் வரைந்தோம். வரைய வரையவே உண்மை விளங்கலாயிற்று.

நம் அறவோர் தவம் செய்யும் நிலையை நாம் பிறந்தது முதல் கண்டு வருகிறோம். இரு பாதங்களும் நிலத்தில் ஊன்ற, இரு கைகளும் முழந்தாள் நோக்கித் தொங்க, அசையாது நிற்கும் காயோத்சர்க்க நிலை அது. நம் சிற்பிகள் முனிவரை நீண்ட தாடியோடு, ஒற்றைக் காலில், கைகளை உயர்த்தி வடிப்பதில்லை. பாறையில் உள்ளவரோ தாடியும் முடிந்த சடையும் உடையவர். ஒற்றைக் காலில் நிற்பவர். அருகில் நான்கு கரத்தோடும் பூதகணங்களோடும் வரமருளி நிற்பவர் சிவபெருமானே என்பதை அவர் கோலமே உணர்த்துகிறது. கீழே உள்ளது திருமால் கோயில். பல ஆண்டுகள் எம் கண்முன் இருந்தவை இவை. எம் சமயமே எமக்குக் கற்பித்திருந்த கண்ணைக் கொண்டு பார்த்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். பெருமித உணர்வு பார்க்கவிடவில்லை.

மறுநாள் வகுப்பில், "சென்ற வாரம் நான் உறுதியாகச் சொன்னது தவறு, இதைக் கேட்டுத் திருத்தியவள் உங்களுள் ஒருத்தி" என்று கூறி, அம்மாணவியை எழுந்து நிற்கச் செய்து பாராட்டினோம். எம் முப்பத்தைந்து ஆண்டுப் பணியில், நல்ல ஆசிரியையாக நடந்துகொண்ட நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்நாளையே சொல்வோம்.

அநேகாந்தம் கூறும் நெறி

நிற்க. அவ்வாறாயின் மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல் பயனற்றதா? அன்று. ஊரார் வழங்கிய பெயரையும் அயல்நாட்டு அறிஞர் தந்த பெயரையும் அப்படியே ஏற்காமல் அவர் புதிய வினாவை எழுப்பினார். அகழியும் கங்கையும் நாகமும் சேர்ந்த கதை நம் புராணத்திலும் உண்டு என்பதைத் தமிழுலகுக்கு நினைவூட்டினார். அவர் முடிவை ஏற்பதில் எமக்குத் தடை இருப்பினும், அவர் எழுதியிராவிட்டால் யாம் அப்பாறையின்முன் அத்தனை முறை நின்றிருக்க மாட்டோம்.

'எல்லாருடைய கருத்தும் சரியே' என்று கூறி நழுவுவதுதான் அநேகாந்தம் என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. பொருள் பல தன்மைகளை உடையது. ஆகவே எந்த நயத்தில், அதாவது எந்த நோக்குநிலையில் நின்று ஒன்றைச் சொல்கிறோமோ, அந்நிலையையும் சேர்த்துச் சொல்லுக என்பதே அந்நெறி. தவசியையும் அருகில் நிற்கும் இறைவனையும் மட்டும் நோக்கினால் அர்ச்சுனன் தவம் பொருந்தும். பிளவையும் நாகரையும் நீரையும் நோக்கினால் கங்கையின் வருகை பொருந்தும். சகர குமாரர் கதையை வைத்துப் பார்த்தால் நீரும் நாகமும் பொருந்துகின்றன. தவசியின் கோலமும் நான்கு கரத்தினரும் பொருந்தவில்லை. இவ்வாறு சான்றோடு எடை போட்டுச் சொல்வதே அநேகாந்தத்துக்கு இயைந்த பேச்சு. 1994ஆம் ஆண்டு பத்மா கைமல் என்னும் கலை வரலாற்று அறிஞர், இச்சிற்பம் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்னும் கருத்தை விரிவாக எழுதினார். ஒரே பாறை இரு கதைகளை ஒருசேரச் சொல்லக்கூடும் என்பது நம் நெறியில் வளர்ந்தோர்க்கு வியப்பளிக்காது.

திருப்பருத்திக்குன்றம் தரும் மறுபாடம்

'அப்படியானால் நமக்கென்று ஒன்றும் இல்லையா?' என்று மனம் தளர வேண்டா. பிறர் வீட்டு விளக்கைக் கடன் வாங்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் சென்று, வேகவதி ஆற்றைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி எனப் புகழ்பெற்ற திருத்தலம். அங்குள்ள சந்திரப்பிரபர் ஆலயம் பல்லவர் காலத்தது. திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அரசின் அமைச்சராகிய இருகப்பர், தம் குருவாகிய புஷ்பசேன முனிவரின் விருப்பத்தால் 1387ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்தார். 1934ஆம் ஆண்டில் டி.என். இராமச்சந்திரன் எழுதிச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட விரிவான நூல் இக்கோயில்களை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

அம்மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாக ஓவியங்களில் தீட்டப்பட்டுள்ளன. கண்ணன் நேமிநாதருக்கு உறவினன். எனவே கண்ணனின் பிறப்பும் பிள்ளைப் பருவமும் அங்கே இடம்பெறுகின்றன. ஒருமுறை எம்முடன் வந்த வெளியூர் நண்பர் ஒருவர் மேலே நோக்கி, "இது கிருஷ்ண லீலை, சமணக் கோயிலில் எப்படி வந்தது?" என்று வியந்தார். யாம் சிரித்துவிட்டோம். மாமல்லபுரத்தில் யாம் செய்த அதே பிழை, திசைமாறி இங்கே நிகழ்ந்தது. அவர் தமக்குத் தெரிந்த கதையைக் கண்டவுடன் அதற்கு மேல் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆனால் இங்கே ஓவியர் நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறார். காட்சிகளின் கீழே தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். அவற்றைக் காட்டியதும் நண்பர் நேமிநாதர் வரலாற்றை முழுவதும் கேட்டறிந்தார். நம்முடையதைப் பிறர் பொறுமையோடு பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். அப்பொறுமையைப் பிறருடையதற்கு நாம் முதலில் அளிப்பதன்றோ முறை?

ஆர்வத்தைப் பகிரும் முறை

இடைக்காலக் கலையில் ஆர்வம் கொண்டோர் பலர் தாம் அறிந்ததைப் பிறரோடு பகிர்ந்ததனாலேயே இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது. புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், ஓய்வு நாள்களில் ஊர் ஊராகச் சென்று பல்லவர் சின்னங்களைத் தேடி ஆராய்ந்து, 1916ஆம் ஆண்டில் 'பல்லவத் தொன்மைகள்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். மாறாக, திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிச் சென்றிருக்கின்றனர். முன்னவர் கல்லைப் பற்றிப் பிறருக்குச் சொன்னார்; பின்னவர்கள் தங்களைப் பற்றிக் கல்லில் சொன்னார்கள். நாம் யாரைப் பின்பற்றுவது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்.

பிள்ளைகளுக்குச் சிற்பம் காட்ட விரும்பும் பெற்றோருக்கும் பாடசாலை ஆசிரியர்களுக்கும் எம் அனுபவத்தில் பயன்பட்ட முறை வருமாறு:

1. முதல் பத்து நிமிடம் எவரும் பேசலாகாது, கதையும் சொல்லலாகாது. பார்த்தல் மட்டுமே.

2. பின்னர்க் கண்டதைச் சொல்லச் செய்க. 'சிவன்' என்று சொன்னால், 'எதைக் கண்டு அவ்வாறு சொல்கிறாய்?' என்று கேட்க. கை எத்தனை, கையில் என்ன, அருகில் யார் என்று அவர்களே எண்ணட்டும்.

3. ஓர் உருவத்தையேனும் வரையச் செய்க. அழகாக வரைய வேண்டியதில்லை. கை வரையும்போதுதான் கண் நின்று பார்க்கிறது.

4. அதன் பின்னரே கதைகளைக் கூறுக. ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருப்பின் யாவற்றையும், அவ்வவற்றின் சான்றுகளோடு கூறுக.

5. விடை தெரியாதபோது 'எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லத் தயங்கற்க. அதனால் ஆசிரியரின் மதிப்பு குறைவதில்லை.

பயிற்சி

அடுத்த இதழ் வெளிவருவதற்குள் வாசகர்கள் தம் பிள்ளைகளோடு பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

அ) மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்குப் பாண்டவர் பெயர்கள் வழங்குகின்றன. 'திரௌபதி ரதம்' எனப்படுவதன் உள்ளே இருக்கும் உருவம் யாருடையது என்று காண்க. பெயருக்கும் உருவத்துக்கும் தொடர்பு உண்டா?

ஆ) அவ்வூரில் முற்றுப்பெறாத குடைவரைகள் உள்ளன. பாறையைச் சதுரம் சதுரமாகப் பள்ளமிட்டுப் பின்னர் உடைத்தெடுத்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க.

இ) பெரும்பாறைச் சிற்பத்தில் உள்ள தவசியையும், உங்கள் ஊர் ஜினாலயத்தில் காயோத்சர்க்க நிலையில் உள்ள திருவுருவத்தையும் அருகருகே வரைந்து, வேறுபாடுகளைப் பட்டியலிடுக.

எமக்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. வல்லத்துக் குன்றில் முன்போல் ஏற முடிவதில்லை; பிள்ளைகள் கைபிடித்து ஏற்றுகிறார்கள். சென்ற மாதம் மாமல்லபுரத்தில், பத்து நிமிட மௌனம் முடிந்ததும் ஒரு சிறுவன் முதலில் சொன்னது இது: "பாட்டி, எல்லாரும் நடுவிலே பார்க்கிறார்கள், அந்தப் பூனை மட்டும் பார்க்கவில்லை." இத்தனை ஆண்டுகளில் யாம் அதை எண்ணிப் பார்த்ததில்லை. மீண்டும் ஒருமுறை சென்று சரிபார்க்க வேண்டும். சிறுவனிடம் அதைச் சொன்னோம். அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நற்காட்சி நிலவுக! அறம் வளர்க!